தேர்தல் களத்திற் பெண்கள்

1960ஆம் ஆண்டின் நடுப்பகுதி. தென்னிலங்கைக் கிராமங்களிலே தேர்தற் கூட்டங்கள் நடைபெற்றுக்கொண்டிருந்தன. மேடைமீது ஒலிப்பதிவு நாடாக் கருவியொன்று வைக்கப்படும். சில விநாடி இரைச்சலின் பின்னர், பத்து மாதங்களுக்கு முன் துப்பாக்கிக்கு இரையான பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் குரல் அதிலிருந்து எழும். வயலிலிருந்து நேரே வந்த உழவரும், குழந்தையை இடுப்பிலே சுமந்துவந்த தாய்மாரும் வாய்பேசாது அந்தக் குரலைக் கேட்டுநிற்பர். குரல் ஓய்ந்ததும் வெள்ளைச் சேலை உடுத்த பெண்மணி ஒருவர் எழுந்து பேசுவார். பேச்சின் இடையே சில வேளை அவர் கண்கள் கலங்கும். கூட்டத்திலிருப்போர் கண்களும் கலங்கும்.

அந்த ஆண்டு யூலை 20ஆந் திகதி வாக்கெடுப்பு நிகழ்ந்தது. மறுநாளே அப்பெண்மணி, திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா, இலங்கையின் பிரதம மந்திரியாகப் பதவியேற்றார். உலகில் எந்த நாட்டிலும் அதற்கு முன்னர் ஒரு பெண் அப்பதவியில் அமர்ந்ததில்லை. இலண்டன் மாலைப் பத்திரிகையொன்றுக்கு அவரை எவ்வாறு குறிப்பிடுவது என்பதே சிக்கலாகிவிட்டது. அரசியல் வல்லோனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வாலிலே ஆண் என்னும் சொல் ஒட்டிக்கொண்டிருந்தமையால், அதனை வெட்டிப் பெண் என்பதை ஒட்டிப் புதுச்சொல் ஒன்றை ஆக்கவேண்டியிருக்கும் என்று அது எழுதிற்று. தமிழிலே இந்தத் தொல்லை இல்லை. பிரதம மந்திரி என்னுஞ் சொல் இருபாலாருக்கும் பொருந்தும். ஆயினும் சொல் இடங்கொடுத்ததாலே மனமும் இடங்கொடுத்துவிட்டது என்று கொள்வதற்கில்லை. அவ்வெற்றியைப் பேசியவர்களுள் பெரும்பாலோர், சிங்களவராயினும் தமிழராயினும், அதனை ஒரு விதவையின் வெற்றி என்றே பேசினர்.

இப்பேச்சு எங்கிருந்து தொடங்கியது என்று அறிய விரும்புவோர் இன்னும் முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1927ஆம் ஆண்டின் இறுதியிலே டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் அரசியற் சீர்திருத்த ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரிலே கொழும்பிற் சில பெண்மணிகள் கூடிப் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை நிறுவினர். அதன் செயலாளராக விளங்கியவர் அக்னஸ் டி சில்வா. சங்கத்தின் தூதுக்குழு ஆணைக்குழுவின் முன் தோன்றியபோது, தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று நீங்கள் கேட்கிறீர்களா என்று டொனமூர்ப் பிரபு வினாவினார். கேட்டவருக்கு அது ஒரு பொறியாகவே தோன்றியிருக்கலாம். அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் அக்னஸ் டி சில்வா தயங்காமல் விடையளித்ததாக வரலாறு கூறுகிறது. கொழும்பின் செல்வக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள், கொழுந்து பறிக்கும் பெண்ணையும் தம்முடன் சேர்த்துக் கேட்ட அந்தக் கணம் போற்றத்தக்கது.

ஆணைக்குழு இருபத்தொரு வயதடைந்த ஆண்களுக்கும் முப்பது வயதடைந்த பெண்களுக்கும் வாக்குரிமையை விதந்துரைத்தது. ஒன்பது ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தாலன்றிப் பெண்ணுக்கு அறிவு முதிராது என்பது அதன் எண்ணம் போலும். பின்னர் அந்த வேறுபாடு நீக்கப்பட்டு, இருபாலாருக்கும் இருபத்தொரு வயதே எல்லையாக்கப்பட்டது. பிரித்தானியாவிலே பெண்கள் அதே உரிமையைப் பெற்றது 1928இலேதான்.

இங்கே சேர் பொன்னம்பலம் இராமநாதனைக் குறிப்பிடாது செல்லல் ஆகாது. மருதனார்மடத்திலே 1913ஆம் ஆண்டு பெண்களுக்கெனக் கல்லூரி கண்டவர் அவர். சைவத் தமிழ்ப் பெண்கள் உயர்கல்வி பெறவேண்டும் என்று தம் பொருளைச் செலவிட்ட அப்பெரியாரே, சட்டசபையில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதைக் கடுமையாக எதிர்த்தார். அவர் கருத்திலே இவ்விரண்டுக்கும் முரண்பாடில்லை. இல்லம் விளங்கப் பெண் கற்கவேண்டும். ஆனால் வாக்குச் சாவடி இல்லத்துக்கு வெளியே இருப்பது. கற்ற பெண் ஒருநாள் வெளியே வந்து நிற்பாள் என்பதை, பெண்கள் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டியவர் எண்ணிப் பார்த்திருக்கவேண்டும் அன்றோ?

மலையகத்திலே வேறொரு குரல் ஒலித்தது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசையரின் மனைவி மீனாட்சி அம்மாள், கணவரின் 'தேசபக்தன்' பத்திரிகையிலே பெண்கள் வாக்குரிமைக்காக எழுதினார். தோட்டக் கூட்டங்களிலே பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். மேடையேறிய பெண்ணைக் கேட்க மக்கள் திரண்டனர். எனினும் அவர் வேட்பாளராகச் சட்டசபைக்குச் சென்றாரல்லர். 1936இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றவர் நடேசையரே.

முதலாவது அரசாங்க சபைக்கான தேர்தல் 1931ஆம் ஆண்டு யூன் மாதம் நடைபெற்றது. எழுத்தறியாத உழவனும் வாக்களிக்கலாம். ஆனால் வேட்பாளராக நிற்போர் ஆங்கிலத்திலே பேசவும் படிக்கவும் எழுதவும் வல்லவராயிருத்தல் வேண்டும் என்பது விதி. இந்த விதியே பெண் வேட்பாளர் எந்த வீட்டிலிருந்து வருவார் என்பதை முன்கூட்டியே பாதி தீர்மானித்துவிட்டது. மற்றப் பாதியைத் தீர்மானித்தது உறவு.

றுவான்வெல்லைத் தொகுதியின் பிரதிநிதி ஜே. எச். மீதெனியா அதிகார் தெரிவாகிய சில மாதங்களிற் காலமானார். அதே ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி நடைபெற்ற இடைத்தேர்தலில் அவருடைய மகள் அடலின் மொலமூறே வெற்றிபெற்றார். இலங்கைச் சட்டசபையொன்றுக்குத் தெரிவுசெய்யப்பட்ட முதற் பெண் இவரே. இவருடைய கணவர் ஏ. எப். மொலமூறே அதே சபையின் சபாநாயகராக வீற்றிருந்தார். கணவர் உயர்ந்த ஆசனத்திலிருந்து அவையை நடத்த, மனைவி உறுப்பினராக எழுந்து சபாநாயகரை விளித்துப் பேசவேண்டிய அரியதொரு காட்சி அன்று இலங்கைக்கு வாய்த்தது.

அடுத்த ஆண்டு வட கொழும்பு. 1931இல் அங்கு வெற்றிபெற்ற வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து பதவியிழக்க நேர்ந்தது. வெற்றிடமான தொகுதியிலே 1932 மே 30ஆந் திகதி நடைபெற்ற இடைத்தேர்தலில் அவர் மனைவி நேசம் சரவணமுத்து போட்டியிட்டு வென்றார். சட்டசபையுட் புகுந்த முதலாவது தமிழ்ப் பெண்மணி இவர்.

அந்த நாளைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பகிஷ்கரிப்பினாலே வடமாகாணத்தின் நான்கு தொகுதிகள் அப்போது பிரதிநிதிகளின்றி வெறுமையாய்க் கிடந்தன. 1934 வரை அந்நிலை நீடித்தது. வட பகுதித் தமிழ் ஆண்மக்கள் பலரின் ஆசனங்கள் வெற்றிடமாயிருந்த சபையிலே, துறைமுகத் தொழிலாளரும் பல்லின மக்களும் செறிந்த தலைநகர்த் தொகுதியொன்றின் பிரதிநிதியாய்த் தமிழ்ப் பெண்ணொருவர் சென்று அமர்ந்தார். யாழ்ப்பாணத்து வரலாறு எழுதுவோர் பகிஷ்கரிப்புக்கு அதிகாரங்கள் ஒதுக்குவர். இந்நிகழ்ச்சிக்கு ஒரு வரியேனும் ஒதுக்கினாரா என்பதைத் தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

மகள் தந்தையின் இடத்துக்கு, மனைவி கணவனின் இடத்துக்கு! இலங்கைக்கே உரிய வழக்கம் என்று இதனை எவரும் எண்ணவேண்டியதில்லை. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் முதன்முதல் ஆசனமேற்ற பெண்மணியான நான்சி அஸ்டரும், கணவர் பிரபுக்கள் சபைக்குச் சென்றமையால் வெற்றிடமான பிளிமத் தொகுதியிலேயே 1919இல் வெற்றிபெற்றார். வாக்காளன் புதியதொன்றைக் கண்டு மிரளுபவன். பழைய பெயரொன்றைக் கண்டால் ஆறுதலடைபவன். பெண் என்னும் புதுமையைக் குடும்பப் பெயர் என்னும் பழமையிலே பொதிந்து கொடுத்தபோது அவன் ஏற்றுக்கொண்டான். ஆனால் அவ்வாறு ஏற்றவன் அவளை யாராகக் கண்டான்? வீட்டுக்காரர் வெளியூர் சென்றிருக்கையில் கடையைப் பார்த்துக்கொள்ளும் மனைவியைப் போல, ஆசனத்தைச் சூடு ஆறாமல் வைத்திருப்பவளாகவே கண்டான். அவள் சபையிலே என்ன பேசினாள், எதற்கு ஆதரவாகக் கையுயர்த்தினாள் என்ற வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

இந்தக் கணிப்பை நேசம் சரவணமுத்து ஒருவாறு பொய்ப்பித்தார் எனலாம். 1936ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலிலும் வட கொழும்பு மக்கள் அவரையே தெரிந்தனர். கணவரோ மாநகர அரசியலிலே நின்று, 1937இற் கொழும்பின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயரானார். ஆசனத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வரவில்லை. 1941இல் இறக்கும்வரை நேசம் சரவணமுத்து அச்சபையின் உறுப்பினராகவே இருந்தார். தற்காலிகமாய் வந்தவர் என்று கருதப்பட்டவர் ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் மக்கள் பிரதிநிதியாய் விளங்கினார்.

கொழும்பு மாநகர சபையிலும் 1937இல் ஒரு பெண் முதன்முறையாக வெற்றிபெற்றார். அவர் வைத்தியர் மேரி இரத்தினம். கனடாவிற் பிறந்து, யாழ்ப்பாணத் தமிழரொருவரை மணந்து இலங்கையையே தம் நாடாக்கிக்கொண்டவர். தொழில்நுட்பக் காரணமொன்றினால் அவருடைய ஆசனம் சில மாதங்களிற் பறிபோயிற்று. ஆனால் அவர் 1930ஆம் ஆண்டளவில் தொடக்கிவைத்த லங்கா மகிளா சமித்தி என்னும் கிராமப் பெண்கள் இயக்கம் நிலைத்துநின்றது. அதன் பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. கதையின் பிற்பகுதியிலே அது மீண்டும் வருகிறது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவான ஒரே பெண் கிரியெல்லைத் தொகுதியின் புளோரன்ஸ் சேனநாயக்கா. இவர் சமசமாசக் கட்சியினர். தந்தை இறந்தோ கணவர் பதவியிழந்தோ கிடைத்த இடமன்று அது. கட்சியின் கொள்கையைச் சொல்லி, கட்சியின் வேட்பாளராய் நின்று வென்ற இடம். இடதுசாரி இயக்கம் பெண்களை மேடையேற்றுவதில் ஏனைய கட்சிகளுக்கு முன்னே சென்றது என்பதை மறுத்தற்கில்லை. எனினும் உறவின் பிடி அங்கும் முற்றாகத் தளரவில்லை. பிலிப் குணவர்தன பதவியிழந்தபோது அவிசாவளையிலே அவர் மனைவி குசுமா 1948இல் நின்று வென்றார். ரி. பி. இலங்கரத்தினா தேர்தல் மனுவினாற் கண்டித் தொகுதியை இழந்தபோது அவர் மனைவி தமரா 1949இல் வென்றார். வட கொழும்பில் 1956இல் வெற்றிபெற்ற விவியன் குணவர்தன, மாணவப் பருவத்திலேயே அரசியலில் இறங்கித் தலைமறைவு வாழ்க்கையின் இன்னலையும் அனுபவித்தவர். அவரைக்கூடச் சிலர் லெஸ்லி குணவர்தனவின் மனைவி என்றும், பிலிப் குணவர்தனவின் மருமகள் என்றுமே அறிமுகஞ்செய்தனர்.

குசுமா குணவர்தனவின் வரலாறும் நேசம் சரவணமுத்துவின் வரலாற்றை ஒத்தது. கணவர் 1956இல் அவிசாவளைக்குத் திரும்பினார். மனைவி வீட்டுக்குத் திரும்பவில்லை. கிரியெல்லையிலே நின்று மீண்டும் பாராளுமன்றம் புகுந்தார்.

1952இல் அக்குறசைத் தொகுதி மக்கள் செய்தது இன்னும் வியப்புக்குரியது. கம்யூனிஸ்ட் கட்சி சார்பிலே அங்கு வெற்றிபெற்ற டொறீன் விக்கிரமசிங்கா ஆங்கிலப் பெண்மணி. வெள்ளையர் ஆட்சி நீங்கி நான்கே ஆண்டுகளான காலம். தென்கோடிச் சிங்கள விவசாயிகள் வெள்ளைக்காரி ஒருவரைத் தம் பிரதிநிதியாக அனுப்பினர். தொகுதி மக்கள் அவரை வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்காவின் மனைவியாக அறிந்திருந்தனர் என்பது உண்மை. அதே வேளை, பெண் பாடசாலைகளின் அதிபராகவும், முப்பதுகளில் சூரியமல் இயக்கத்தின் முன்னணித் தொண்டராகவும் அவரை அறிந்திருந்தனர் என்பதும் உண்மையே. எது எத்துணை வாக்குகளைக் கொணர்ந்தது என்று பிரித்தறிதல் எவருக்கும் இயலாது.

இதற்கிடையில், அக்னஸ் டி சில்வா எந்தப் பெண்களுக்காகத் தயங்காது விடைசொன்னாரோ, அந்தத் தோட்டப் பெண்கள் வாக்கை இழந்துவிட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து தேர்தற் சட்டத்திற் செய்யப்பட்ட திருத்தமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலினின்று நீக்கின. பெண் வேட்பாளரை நாடு எவ்வாறு நோக்கிற்று என்று பேசுகையில், நோக்கும் கண்களுள் இலட்சக்கணக்கானவை மூடப்பட்டுவிட்டன என்பதையும் சொல்லியே ஆகவேண்டும்.

1956இலே திருமதி விமலா விஜயவர்த்தனா மீரிகமையில் வெற்றிபெற்றுச் சுகாதார மந்திரியானார். இலங்கை மந்திரிசபையில் இடம்பெற்ற முதற் பெண் இவர். ஓர் ஆண் மந்திரியின் திட்டங்களைப் பற்றி வாதாடும் ஊர், இப்பெண் மந்திரியின் நடத்தையைப் பற்றி வாதாடிற்று. பெயரில்லாத் துண்டுப் பிரசுரங்கள் கைக்குக் கை மாறின. பண்டாரநாயக்கா கொலை வழக்கிற் சந்தேகத்தின்பேரிற் கைதுசெய்யப்பட்ட அவர், நீதவான் முன் நிகழ்ந்த விசாரணையின் போதே விடுவிக்கப்பட்டார். வழக்கு விடுவித்தவரை வதந்தி விடுவிக்கவில்லை. அவர் அமைச்சராய் ஆற்றிய பணி யாது என்று இன்று கேட்டால் விடைசொல்வார் அரியர். வதந்தியை மட்டும் அறிந்தோர் பலர்.

ஒரே கொலைச் செய்தியின் இரு புறத்திலும் இரு பெண்கள் நின்றனர். மக்கள் மனத்திலே அரசியற் பெண்ணுக்கு இருந்த இடங்கள் இரண்டே என்பதை அது வெட்டவெளிச்சமாக்கிற்று. ஒன்று பழிச்சொல்லின் இடம். மற்றையது புனிதமான தாயின் இடம். இரண்டாவது இடத்துக்குச் செல்லுமாறு காலம் சிறிமாவோ பண்டாரநாயக்காவை அழைத்தது.

1959 செப்டம்பர் 25ஆந் திகதி பிரதம மந்திரி சுடப்பட்டார், மறுநாள் உயிர்நீத்தார். விதவையின் கடைசிப் பிள்ளைக்கு அப்போது வயது பத்து. 1960 மார்ச்சுத் தேர்தலிலே சுதந்திரக் கட்சி சி. பி. டி சில்வாவின் தலைமையில் 46 ஆசனங்களைப் பெற்றது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50. டட்லி சேனநாயக்கா அமைத்த சிறுபான்மை அரசாங்கம் ஏப்பிரல் மாதமே வீழ்ந்தது. அதன் பின்னரே திருமதி பண்டாரநாயக்கா கட்சித் தலைமையை ஏற்றார். யூலையிற் கட்சிக்குக் கிடைத்தவை 75 ஆசனங்கள். ஐக்கிய தேசியக் கட்சி 30க்கு இறங்கிற்று.

அழும் விதவை என்று எதிரணியினரும் பத்திரிகைகளும் அவரை ஏளனஞ் செய்தன. அடுப்படித் தீயைவிடக் கடுமையான எதனையும் அவர் ஆண்டதில்லை என்று பண்டாரநாயக்கா குடும்பத்து உறவினர் ஒருவரே எள்ளிநகையாடினார். கண்ணீரைக் கண்டு இரங்கியோரும், கண்ணீரைக் கண்டு நகைத்தோரும் உண்மையில் ஒன்றையே கண்டனர். கண்ணீருக்கு அப்பால் இருந்ததை இரு சாராரும் காணவில்லை.

அப்பால் என்ன இருந்தது? 1941ஆம் ஆண்டிலே லங்கா மகிளா சமித்தியிற் சேர்ந்தவர் சிறிமாவோ. மேரி இரத்தினம் தொடக்கிவைத்த அவ்வியக்கத்திலே பொருளாளராகவும் பின்னர் தலைவராகவும் கடமையாற்றினார். கிராமந்தோறுஞ் சென்று, சுகாதாரம், சிறுகைத்தொழில், பயிர்ச்செய்கை என்பவற்றிலே பெண்களைப் பயிற்றும் வேலை அது. நாட்டின் மூலை முடுக்குகளை அவர் அறிந்திருந்தார். அங்குள்ள பெண்கள் அவரை அறிந்திருந்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இத்தகைய தொடர்பைப் பேணிய ஆண்மகன் ஒருவன் தேர்தலில் நின்றிருந்தால், அனுபவம் வாய்ந்த சமூகத் தொண்டர் என்று பத்திரிகைகள் எழுதியிருக்கும். பெண் செய்தபோது அது அடுப்படியாயிற்று.

பெயரையும் கவனித்தல் வேண்டும். சிறிமா என்பதே இயற்பெயர். 'வோ' என்பது சிங்களத்தில் மரியாதை குறித்துச் சேர்த்த விகுதி. உலகப் பத்திரிகைகளோ பெரும்பாலும் அவரைத் திருமதி பண்டாரநாயக்கா என்றே அழைத்தன. இறந்தவர் பெயர் இருப்பவர் பெயராயிற்று.

தமிழர் வழக்கிலே இதனை நோக்கின் வேறொரு விந்தை புலப்படும். வெள்ளைச் சேலை உடுத்த விதவை கலியாணப் பந்தலிலே முன்னே வரலாகாது என்பர். பயணம் புறப்படுகையில் எதிர்ப்படலாகாது என்பர். வீட்டு முற்றத்திலே பின்னுக்குத் தள்ளிய அதே கோலத்தை அரசியல் மேடை முன்னே அழைத்தது. எத்தனை ஆண்டு உழைப்பும் பெற்றுத்தராத மதிப்பைத் துயரம் பெற்றுத்தந்தது. இது பெண்ணுக்குக் கிடைத்த உயர்வுதானா என்ற ஐயம் எழாமற் போகாது.

இன்னுமொன்று. அந்தத் தேர்தலில் அவர் எந்தத் தொகுதியிலும் வேட்பாளராக நிற்கவில்லை. பிரதம மந்திரியான பின்னரே மூதவைக்கு நியமிக்கப்பட்டார். நாடு முழுவதும் அவர் முகத்தைப் பார்த்து வாக்களித்தது. வாக்குச்சீட்டிலே அவர் பெயர் இல்லை. தம் பெயருக்கு வாக்குக் கேட்டு அத்தனகல்லையில் அவர் நின்று வென்றது 1965ஆம் ஆண்டிலே. அந்த ஆண்டு அவருடைய கட்சி தோற்றது. 1970இல் 91 ஆசனங்களுடன் அவர் மீண்டபோது கண்ணீரைப் பற்றி எவரும் பேசவில்லை.

தாயின் ஆட்சி இளகிய ஆட்சியாயிருக்கும் என்று நம்பியோர் தமிழரிடையேயும் இருந்தனர். 1961 சனவரி முதலாந் திகதி சிங்களம் ஒன்றே நிருவாக மொழியாக நடைமுறைக்கு வந்தது. பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. வீட்டுப் படலையைத் தாண்டிப் பொதுமேடை கண்டிராத தமிழ்ப் பெண்கள் அங்கே வந்து தரையில் அமர்ந்தனர். ஏப்பிரலில் அவசரகாலச் சட்டம் பிறந்தது. இராணுவம் சத்தியாக்கிரகிகளை அகற்றிற்று. ஆட்சி செய்தவரும் பெண், வாயிலில் அமர்ந்தோருள்ளும் பெண்கள். பெண்மையின் பெயரால் எதிர்பார்க்கப்பட்ட இரக்கம், அரசின் நலனென்று கருதப்பட்டதன் முன் நிற்கவில்லை. ஆண் பிரதம மந்திரியிடம் தமிழர் அத்தகைய இரக்கத்தை எதிர்பார்த்திருக்கமாட்டார். ஆகலின் ஏமாற்றமும் இரட்டிப்பாயிருந்தது.

கடுமையாக ஆண்டபோது பேச்சு மாறிற்று. மந்திரிசபையில் ஒரே ஆண்மகன் அவர்தான் என்னும் வேடிக்கைப் பேச்சு எழுந்தது. 1966இல் இந்தியாவின் பிரதமராகிய இந்திரா காந்தியைப் பற்றியும், 1969இல் இஸ்ரவேலின் பிரதமராகிய கோல்டா மெயரைப் பற்றியும் இதே பேச்சு வழங்கிற்று. கடலும் மொழியும் வேறாயினும் நகைச்சுவை ஒன்றே. கலங்கினாற் பெண் என்றும், கலங்காது நின்றால் ஆண் என்றும் தீர்ப்பு!

தமிழர் பக்கம் திரும்பினால், நேசம் சரவணமுத்துவின் பின்னர் நெடுங்கால வெறுமை. 1980ஆம் ஆண்டு பொத்துவில் உறுப்பினர் மு. கனகரத்தினம், முன்னர் சுடப்பட்டதனால் உண்டான நோயினால் இறந்தார். அவருடைய வெற்றிடத்துக்குச் சகோதரி இரங்கநாயகி பத்மநாதன் நியமிக்கப்பட்டார். மகள், மனைவி, விதவை என்ற வரிசையிலே சகோதரியும் சேர்ந்தார். அங்கும் வாக்கெடுப்பு நிகழவில்லை.

1994 நவம்பர் 9ஆந் திகதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தல், உலகத் தேர்தல் வரலாற்றிலே தனித்துப் பேசத்தக்கது. ஒருபுறம் சந்திரிகா குமாரதுங்கா. பெற்றோர் இருவரும் பிரதம மந்திரிகள். கணவர் விஜய குமாரதுங்கா 1988இற் சுட்டுக்கொல்லப்பட்டவர். மறுபுறம், வாக்கெடுப்புக்கு இரண்டு கிழமைகளே இருக்கையிற் குண்டுக்கு இரையான ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் காமினி திசாநாயக்காவின் இடத்தை நிரப்ப நிறுத்தப்பட்ட அவர் மனைவி சிறிமா திசாநாயக்கா. பிரதான வேட்பாளர் இருவரும் கொலையுண்ட கணவரின் மனைவியர். துயரமே வாக்கைத் தரும் என்பது உண்மையாயின், ஈரம் உலராத துயரத்தோடு வந்தவருக்கே அது மிகுதியாகக் கிடைத்திருக்கவேண்டும். சந்திரிகாவுக்குக் கிடைத்தது நூற்றுக்கு 62.28, சிறிமாவுக்குக் கிடைத்தது 35.91. பதினேழாண்டு ஆட்சியிற் சலித்தும், போரிற் களைத்தும் இருந்த வாக்காளர், சமாதானம் என்ற சொல்லை யார் சொன்னார் என்று பார்த்தே வாக்களித்தனர். 1960இலும் விதவையின் கண்ணீரோடு நெல்லின் விலையும், மொழியும், கட்சிகளின் உடன்பாடும் சேர்ந்தே வாக்கைத் தீர்மானித்திருக்கும் என்று எண்ண இது இடந்தருகிறது.

உள்ளூராட்சி மன்றங்களிலே நெடுங்காலம் பெண்கள் நூற்றுக்கு இருவர்கூட இருந்ததில்லை. உயர்ந்த ஆசனத்துக்குப் பெண்ணை அனுப்பிய நாடு, ஊர்ச் சபைக்கு அனுப்பத் தயங்கியது. ஊர்ச் சபைக்குச் செல்பவள் இன்னாரின் விதவை அல்லள். அடுத்த வீட்டுப் பெண். அவளை ஏற்பது இன்னும் கடினமாயிருந்தது. நூற்றுக்கு இருபத்தைந்து இடங்கள் பெண்களுக்கென்று சட்டம் வகுக்கப்பட்டு, 2018 பெப்ரவரித் தேர்தலில் நடைமுறைக்கு வந்தபின்னரே அந்தக் கணக்கு மாறிற்று.

2024 செப்டம்பரில் ஹரிணி அமரசூரிய பிரதமராகப் பதவியேற்றார். இலங்கையின் மூன்றாவது பெண் பிரதமர். பல்கலைக்கழக விரிவுரையாளர். முன்னைய இருவரைப் போலத் தந்தை வழியாலோ கணவர் வழியாலோ பெற்ற தொகுதி எதுவும் அவருக்கில்லை. அந்த ஆண்டு நவம்பரிலே நடைபெற்ற பொதுத் தேர்தலிற் கொழும்பு மாவட்ட வாக்காளர் ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளை அவருடைய இலக்கத்துக்கு நேரே இட்டனர். நேசம் சரவணமுத்துவைத் தெரிந்த பழைய வட கொழும்பும் அம்மாவட்டத்திலேயே அடங்கியிருக்கிறது.